மோசடித் தொலைபேசி அழைப்பு: முன்கூட்டியே செய்ய வேண்டியவை, பணம் போய்விட்டால் ஓட வேண்டிய இடங்கள்

எங்கள் பெரியம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மதுரையில் தனியாக இருக்கிறார். மும்பைக் காவல்துறை என்று சொல்லிக்கொண்டு பேசியவர்களிடம் தன் வைப்புத்தொகையில் பெரும்பகுதியை இழந்தார். அதில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அது வருவதற்குள் வங்கி, காவல் நிலையம், நீதிமன்றம் என்று நாங்கள் பட்ட பாட்டில் பாதி, எங்கே எப்போது எந்தக் காகிதத்தோடு போக வேண்டும் என்பது தெரியாததால் பட்டது. வேறு யாரும் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸ்மார்ட்போன் புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்கும், தனியாக இருக்கும் பெற்றோரின் பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருப்பவர்களுக்கும் இது பயன்படும். ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 1930 என்ற எண்ணை அழையுங்கள். பேசி முடித்த பிறகு 7-ஆம் பகுதியிலிருந்து தொடருங்கள்.

1. இன்றே செய்து வைக்க வேண்டியவை

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்: 1930 (இணையவழிப் பண மோசடிப் புகார்), 112 (அவசர உதவி), வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண், கிளையின் தொலைபேசி எண், குடும்பத்தில் உடனே போனை எடுக்கக்கூடிய இருவரின் எண்கள். வழக்கமாக உட்கார்ந்து போன் பேசும் இடத்துக்கு அருகில் ஒட்டிவிடுங்கள். ரகசிய எண் எதையும் அதில் எழுத வேண்டாம். பதற்றமான நேரத்தில் கூகுளில் தேடி எண் எடுப்பது பெரிய ஆபத்து. வாடிக்கையாளர் சேவை எண் என்ற பெயரில் மோசடிக்காரர்களே தங்கள் எண்ணைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்து வங்கி. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரக்கூடியது, பணத்தை இரண்டு கணக்குகளாகப் பிரித்து வைப்பதுதான். ஓய்வூதியமும் சேமிப்பும் இருக்கும் கணக்கில் யுபிஐ, இணைய வங்கி இரண்டுமே வேண்டாம். மளிகை, மருந்துக் கடைக்குச் செலுத்த சில ஆயிரங்கள் மட்டும் இருக்கும் வேறொரு கணக்கில் யுபிஐ வைத்துக்கொள்ளட்டும். இரண்டாவது கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு உண்டா என்று கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். பல பொதுத்துறை வங்கிகள் அதற்கான அபராதத்தை நீக்கிவிட்டன. வைப்புத்தொகையைச் செயலி வழியே முன்கூட்டி முடிக்க முடியாதபடி நிறுத்திவைக்கும் வசதி இருந்தால் எழுதிக் கொடுத்து அதையும் செய்யுங்கள். வங்கி அட்டையில் இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆகியவற்றை நாமே நிறுத்தவும் உச்சவரம்பைக் குறைக்கவும் முடியும். இவற்றை ஒரே முற்பகலில் செய்து முடித்துவிடலாம். பாஸ்புக், ஆதார், பதிவு செய்த கைபேசி ஆகிய மூன்றையும் கையோடு கொண்டு போங்கள்.

பிறகு கைபேசி. வாட்ஸ்அப் அமைப்புகளில் தனியுரிமை, அழைப்புகள் என்று போனால் அறியாத எண்களின் அழைப்பு ஒலிக்காதபடி வைக்கலாம். இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண்ணையும் அதே அமைப்புகளில் ‘கணக்கு’ என்ற பகுதியில் வைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவும் அனுமதி எந்தச் செயலிக்காவது தரப்பட்டிருந்தால் நீக்குங்கள். *#21# என்று அழைத்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பி விடப்படுகின்றனவா என்று தெரியும். திருப்பி விடப்பட்டிருந்தால் ##002# அழைத்து நீக்கலாம்.

1909-ஐ அழைத்து விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. நடைமுறைக்கு வரச் சில நாட்கள் ஆகும். இது திருடர்களைத் தடுக்காது. ஆனால் முறையான விளம்பர அழைப்புகள் குறைந்தால், அறியாத எண்ணை எடுத்துப் பேசும் வழக்கமும் வீட்டில் குறையும்.

கடைசியாக, குடும்பத்துக்குள் ஒரு அடையாளச் சொல்லை முடிவு செய்யுங்கள். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர், பழைய வீட்டின் தெருப் பெயர் என்று வெளியார் அறியாத எதுவானாலும் சரி. இப்போது ஒருவரின் குரலையே கணினியில் போலியாக உருவாக்கிப் பேசுகிறார்கள். ‘அம்மா, விபத்தில் மாட்டிக்கொண்டேன், உடனே பணம் அனுப்பு’ என்று மகன் குரலிலேயே அழைப்பு வந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டுவிடலாம்.

2. அழைப்பை இனம் காண்பது

திரையில் தெரியும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பேசிக்கொண்டே +91 என்று தொடங்கும் எண்ணைக் காட்ட அவர்களால் முடிகிறது. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பத்து இலக்கச் சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்து ‘வங்கி மேலாளர்’ பேசினால் சந்தேகப்படுங்கள். 1600 என்று தொடங்கினாலும் ஓடிபி, ரகசிய எண் எதையும் சொல்ல வேண்டாம். உண்மையான வங்கி அதைக் கேட்காது.

பேச்சின் போக்கைக் கவனியுங்கள். கதை எதுவாக இருந்தாலும் நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்: உடனே செய்ய வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, ஏதாவது ஒன்றை அனுப்ப வேண்டும் அல்லது நிறுவ வேண்டும். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே போனை வைத்துவிடலாம்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரும் கதைகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன். ‘மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு இணைப்பைத் துண்டிப்போம்’ என்று ஒரு குறுஞ்செய்தி வரும். கீழே ஒரு கைபேசி எண் இருக்கும். அதை அழைத்தால் ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். நிறுவியதும் உங்கள் திரை அவர்கள் கண்ணுக்குத் தெரியும். மின்கட்டணச் சந்தேகம் எதுவானாலும் மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வூதியர்களுக்கு, குறிப்பாக நவம்பர் மாதத்தை ஒட்டி, ‘வாழ்வுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், ஓடிபி சொல்லுங்கள்’ என்று அழைப்பு வரும். பேசுபவர் ஓய்வூதிய ஆணை எண், ஓய்வு பெற்ற தேதி எல்லாவற்றையும் சரியாகவே சொல்வார். விவரம் தெரிந்திருப்பதால் அதிகாரி என்று நம்பிவிடுகிறார்கள். நம்முடைய விவரங்கள் எத்தனையோ இடங்களிலிருந்து கசிந்து விலைக்குப் போயிருக்கின்றன. ஆதார் எண்ணைச் சொல்கிறான், அப்பா பெயரைச் சொல்கிறான் என்பதெல்லாம் அவன் அரசு ஊழியன் என்பதற்குச் சான்றாகாது.

வீடு வாடகைக்கு என்று இணையத்தில் விளம்பரம் போட்டால், ‘ராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன்’ என்று ஒருவர் பேசி ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்புவார். பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணைப் போடவோ தேவையே இல்லை. அந்த எண்ணைப் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும், வராது. வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இது.

‘தவறுதலாக உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று அழுகைக் குரலில் பேசுவார்கள். வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தி போலியாக இருக்கும். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாதீர்கள். வங்கிக்கு எழுதிக் கொடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வேறு ஒருவரிடம் ஏமாற்றிய பணமாக இருந்தால் உங்கள் கணக்கு முடக்கப்படக்கூடும்.

இன்னொரு வகையில், பேசிக்கொண்டிருக்கும்போதே ‘நண்பர் ஒருவர் வேறு எண்ணில் அழைக்கிறார், இணைத்துவிடுங்கள்’ என்பார்கள். அந்த இரண்டாவது அழைப்பு, வங்கி குரல் வழியே ஓடிபி சொல்லும் தானியங்கி அழைப்பு. இணைத்தால் அவர்களும் கேட்டுவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதச் சீட்டு, திருமண அழைப்பிதழ், எரிவாயு விவரப் புதுப்பிப்பு என்ற பெயரில் ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு (போனில் செயலியை நிறுவிவிடும் கோப்பு) வந்தால் தொடவே வேண்டாம், அது தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்திருந்தாலும். அவருடைய போன் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கலாம்.

3. ‘டிஜிட்டல் கைது’

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடுகளைச் சூறையாடுவது இதுதான். தொடக்கம் சாதாரணமாக இருக்கும். ‘தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பேசுகிறது, உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்’ என்று பதிவு செய்த குரல் ஒலிக்கும். அல்லது உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்பார்கள். அந்த ஆணையம் யாருடைய எண்ணையும் அழைத்துத் துண்டிப்பதில்லை. 9-ஐ அழுத்தினால் ஒருவர் வருவார். அவர் ‘காவல் அதிகாரி’க்கு மாற்றுவார். காணொளியில் சீருடை, பின்னால் காவல்துறைச் சின்னம், மேசையில் கோப்புகள் எல்லாம் இருக்கும். உங்கள் ஆதாரை வைத்துப் பணமோசடிக் கணக்குத் தொடங்கப்பட்டதாகச் சொல்வார்கள். பிறகு மணிக்கணக்கில், சில வீடுகளில் நாள்கணக்கில், காணொளியை அணைக்க விடமாட்டார்கள். ‘உங்கள் பணத்தைச் சரிபார்க்க ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், விசாரணை முடிந்ததும் திரும்ப வரும்’ என்பதில் போய் முடியும்.

சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. கைது செய்ய வேண்டுமானால் காவலர் நேரில் வர வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிக் கையெழுத்துடன் கைதுக் குறிப்பாணை தயாரிக்க வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு விடியும் வரை பெண்களைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழ்நிலை, பெண் காவல் அதிகாரி, நீதித்துறை நடுவரின் முன் அனுமதி மூன்றும் வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வேறு காணொளி அழைப்பிலோ யாரையும் காவலில் வைக்க முடியாது. பணத்தை அனுப்பிக் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் விசாரணையும் எங்கும் இல்லை. பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். உங்கள் வீட்டுப் பெரியவர் உங்கள் வார்த்தையை நம்பத் தயங்கினால் அந்தப் பதிவைக் காட்டுங்கள்.

அவர்கள் அனுப்பும் காகிதங்களைப் பார்த்து மிரள வேண்டாம். கைது ஆணை, அமலாக்கத் துறைக் கடிதம், உச்ச நீதிமன்ற உத்தரவு வரை முத்திரையோடு அச்சடிக்கிறார்கள். ஹரியாணாவில் ஒரு முதிய தம்பதியை இப்படிப் போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி ஏமாற்றியதை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது.

பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் கவனிக்க வேண்டியது: வழக்கத்துக்கு மாறாகக் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசுவது, சாப்பிட வராமல் இருப்பது, அவசரமாக வங்கிக்குப் போக வேண்டும் என்பது, காரணம் கேட்டால் எரிந்து விழுவது. இந்த நிலையில் வாதம் செய்து பயனில்லை. போனை வாங்கி அணைத்துவிடுங்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். ‘யாரும் வர மாட்டார்கள், வந்தால் நான் பேசுகிறேன்’ என்று சொல்லுங்கள். சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கு அவரையே பேச வைத்தால் பயம் விரைவில் தெளியும். வங்கியில் கேட்டால் வீடு வாங்கப் போகிறேன் என்று சொல்லும்படி முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிளையில் கேட்டவரிடம் அவரும் அதையே சொன்னார்.

4. துண்டிப்பது

நம் பெரியவர்களால் போனைச் சட்டென்று வைக்க முடிவதில்லை. எதிரில் பேசுபவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அரசாங்கம் என்றால் இன்னும் பயம். ஆகவே அவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: ‘என் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.’ சொன்னதும் வைத்துவிட வேண்டும். பதில் கேட்க வேண்டாம், விளக்கம் கொடுக்க வேண்டாம், எந்த எண்ணையும் அழுத்த வேண்டாம், திரும்ப அழைக்க வேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று முறை நடித்துப் பார்த்துப் பழக்கிவிடுங்கள். நேரத்தில் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். அவர்களைத் திட்டுவதிலும் விளையாட்டுக் காட்டுவதிலும் இறங்காதீர்கள். பேச்சு நீளும் ஒவ்வொரு நிமிடமும் உங்களைப் பற்றி ஏதோ ஒன்றை அவர்களுக்குத் தருகிறது.

5. அழைப்பு மட்டும் வந்தது, பணம் போகவில்லை என்றால்

எண்ணையும் நேரத்தையும் திரைப்பதிவாக எடுத்துக்கொண்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ ‘சக்ஷு’ என்ற பிரிவில் பதிவு செய்யுங்கள். முப்பது நாட்களுக்குள் வந்த அழைப்பாக இருக்க வேண்டும். சில நிமிட வேலை, கட்டணம் கிடையாது. அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் அட்டைகள் இருக்கின்றன என்றும் பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் இருந்தால் ‘என்னுடையது அல்ல’ என்று அங்கேயே தெரிவித்துவிடலாம்.

6. ஓடிபி சொல்லிவிட்டார், அல்லது செயலியை நிறுவிவிட்டார் என்றால்

அந்த போனை உடனே விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு போனிலிருந்து வங்கி அட்டையின் பின்புற எண்ணை அழைத்து அட்டை, யுபிஐ, இணைய வங்கி மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பேசியவரிடம் புகார் எண்ணைக் கேட்டு நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். நிறுவிய செயலியை நீக்கினால் மட்டும் போதாது. போனில் இருப்பது புகாருக்குச் சான்று என்பதால் முதலில் அதன் படங்களை வேறொரு போனில் எடுத்துக்கொண்டு, பிறகு தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள்.

7. பணம் போய்விட்டால்: முதல் ஒரு மணி நேரம்

பணம் ஒரு கணக்கில் நிற்பதில்லை. மோசடிக்காரனின் முதல் கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் பணமாக எடுக்கப்பட்டோ கிரிப்டோ நாணயமாக மாறியோ போய்விடும். 1930-இல் புகார் பதிவானதும் அது வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் இருக்கிறதோ அங்கே நிறுத்திவைக்கப்படுகிறது. எடுத்துவிட்ட பணத்தை நிறுத்த முடியாது. ஆகவே மகள் வரட்டும், காலையில் வக்கீலைப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அவமானம் என்று மறைப்பதால் போவதும் இந்த ஒரு மணி நேரம்தான்.

அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை:

- பணம் போன கணக்கின் எண், வங்கி, கிளை
- ஒவ்வொரு பரிமாற்றத்தின் தொகை, தேதி, நேரம்
- பரிமாற்றக் குறிப்பு எண், அதாவது யுடிஆர் (யுபிஐ என்றால் பன்னிரண்டு இலக்கம், செயலியில் பரிமாற்ற விவரத்தைத் திறந்தால் தெரியும்)
- பணம் போய்ச் சேர்ந்த கணக்கு எண் அல்லது யுபிஐ முகவரி
- அழைத்தவர்களின் எண்கள்

எல்லாம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். தொகையும் குறிப்பு எண்ணும் இருந்தாலே அழையுங்கள். இணைப்பு கிடைக்கத் தாமதமானால் ஒருவர் அழைத்துக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யட்டும். தள முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் உண்டு.

1930-இல் பேசிய பிறகு குறுஞ்செய்தியில் ஒப்புகை எண் வரும். அதை வைத்து 24 மணி நேரத்துக்குள் தளத்தில் முழு விவரங்களையும் பூர்த்தி செய்ய வேண்டும். பலர் போனில் சொன்னதோடு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். தளத்தில் அடையாள அட்டையின் படம், கணக்கு அறிக்கை, திரைப்பதிவுகள் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். நடந்ததை விவரிக்கும் பெட்டியில் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும், சிறப்புக் குறியீடுகளை அது ஏற்காது. வேறு இடத்தில் எளிய வாக்கியங்களாக எழுதி வைத்துக்கொண்டு ஒட்டினால் நேரம் மிச்சமாகும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் எண்ணைத் தடுத்துவிட்டு எல்லாவற்றையும் நீக்கிவிடுவது இயல்பு. ஆனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பதே அதைத்தான்.

8. வங்கிக்கு எழுத்தில் கொடுப்பது

போனில் தெரிவித்த அன்றே, இயலாவிட்டால் மறுநாளே, கிளைக்குப் போய்க் கடிதம் கொடுங்கள். நாங்கள் போனபோது கிளையில் ‘1930-இல் சொல்லியாகிவிட்டது அல்லவா, கடிதம் எதற்கு’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். திரும்பி வராதீர்கள். இரண்டு பிரதிகள் எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் வங்கியின் புகார் மின்னஞ்சலுக்கும், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கடிதத்துடன் 1930 ஒப்புகை, கணக்கு அறிக்கை, அடையாள அட்டை நகல் இணைக்க வேண்டும்.

இதில் ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், பொறுப்பு யாருடையது என்பதைத் தேதிதான் தீர்மானிக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தவறு வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வங்கியிடமும் இல்லாமல் வேறெங்கோ நடந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்பு வரை நம் பொறுப்பு; சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். ஆனால் ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. நாமே பணத்தை மாற்றியிருந்தால் இந்த விதியை வைத்து வங்கியிடம் கேட்பது கடினம். அப்போது நம்பிக்கை, நிறுத்திவைக்கப்பட்ட தொகையின் மீதுதான்.

9. காவல் நிலையம், பிறகு நீதிமன்றம்

மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஒப்புகை எண்ணோடு அங்கே போங்கள். அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதலில் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, தருவார்கள். அதோடு நிற்காமல் முதல் தகவல் அறிக்கை பதிவானதா என்று தொடர்ந்து கேளுங்கள். அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். கொண்டு போக வேண்டியவை: புகார் மனு இரண்டு பிரதி, தளத்தில் பதிவிறக்கிய புகார், முத்திரையிட்ட வங்கி அறிக்கை (சில வங்கிகள் இதற்குச் சிறு கட்டணம் வாங்கும்), திரைப்பதிவுகளின் அச்சு, அடையாள அட்டை. நடந்ததை நேர வரிசைப்படி ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் விசாரணை அதிகாரிக்கும் எளிது, பெரியவரும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியதில்லை.

எவ்வளவு தொகை, எந்தக் கணக்குகளில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அதிக காலம் இழந்தது இங்கேதான். நிறுத்திவைத்த பணம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தோம். எங்கள் விஷயத்தில் அதைப் பெற நீதித்துறை நடுவரிடம் மனு செய்ய வேண்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503-ஆவது பிரிவு இதற்கானது. காவல்துறை அறிக்கை வர வேண்டும், நடுவர் உத்தரவு தர வேண்டும், அந்த உத்தரவின் சான்றிட்ட நகல் வங்கிக்குப் போக வேண்டும். மாதங்கள் ஆகும். பணம் வெளிமாநில வங்கிக் கிளையில் நின்றால் இன்னும் ஆகும்.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சி விட்டுவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் பெறச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

10. வங்கி பதில் சொல்லாவிட்டால்

கடிதம் கொடுத்து முப்பது நாட்களாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்திலும் தபாலிலும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டறியலாம். வங்கிக்கு முதலில் புகார் செய்ததற்கான சான்று இல்லாவிட்டால் அங்கே மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிளையில் வாங்கிய அந்த முத்திரைப் பிரதி இங்கே வேண்டும்.

11. இரண்டாவது முறை வருவார்கள்

பணத்தை இழந்தவரின் பெயரும் எண்ணும் அவர்களுக்குள் கைமாறுகின்றன. சில வாரங்கள் கழித்து ‘சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க வரி கட்ட வேண்டும்’ என்று ஒருவர் பேசுவார். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ‘நிபுணர்’களும் முன்பணம் கேட்பார்கள். பணத்தை விடுவிக்கக் கட்டணம் கேட்கும் அரசு அலுவலகம் எதுவும் கிடையாது. அப்படி யார் பேசினாலும் வைத்துவிட்டு, விசாரணை அதிகாரியின் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அந்த எண்ணை 1-ஆம் பகுதியில் சொன்ன தாளில் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அட்டையை மாற்றுங்கள், பழைய யுபிஐ முகவரியை நீக்குங்கள், ஆதாரின் கைரேகை விவரங்களை ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பூட்டுங்கள். புகார் எண், தேதி, சந்தித்தவர், சொன்ன பதில் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். ஏமாந்தவரை மட்டும் கடிந்துகொள்ளாதீர்கள். பெரியம்மாவை எல்லோரும் கேட்டது ‘படித்தவர், நீங்கள் எப்படி’ என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் முதல் நாள் முழுவதும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் குறுஞ்செய்தி எப்போது வந்தது என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். புகாருக்குத் தேவையான விவரமெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது.